வாள் தீட்டும் மாலைக்கு ஒரு துணை

பின்லாந்தில் முனைவர் பட்டம் வாங்கினால் கூடவே ஒரு தொப்பியும் ஒரு வாளும் உண்டு என்று சொன்னால் மெல்பர்னில் யாரும் நம்புவதில்லை. "ராஜா காலத்துப் படம் ஏதாவது பாத்துட்டு வந்தியா?" என்று கேட்ட தோழிகள் உண்டு. நான் கொஞ்சம் முன்கோபக்காரி. பொறுமையாக ஒருமுறை விளக்குவேன். அதற்கும் சிரித்தால் போனில் இருக்கும் படத்தை முகத்துக்கு நேரே நீட்டுவேன்.

தொப்பி கறுப்பு. உயரமான உருளை வடிவம், துணியைச் சின்னச் சின்ன மடிப்புகளாக மடித்துச் செய்தது, முன்பக்கம் தங்க நிறத்தில் ஒரு சின்னம். வாள் மெலிதானது, இடுப்பில் தொங்கவிடுவது. அதை வைத்து வாழைப்பழம்கூட நறுக்க முடியாது. நீ உழைத்துக் கண்டுபிடித்த உண்மைக்காகச் சண்டை போட உனக்கு உரிமை உண்டு என்று சொல்வதற்குத்தான் அந்த வாள். இதை அம்மாவிடம் போனில் சொன்னபோது, "சண்டை போட உனக்கு யாருடி புதுசா உரிமை குடுக்கணும்?" என்று கேட்டாள்.

ஆனால் ஆய்வேட்டை வாதாடி முடித்த அன்றே இதெல்லாம் கைக்கு வந்துவிடாது. பட்டம் தனி, சூட்டு விழா தனி. விழாவைச் சில வருடங்களுக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். இடையில் முடித்தவர்கள் எல்லோரும் காத்திருந்து ஒன்றாகப் போய் நிற்க வேண்டும். முறைப்படி சூட்டிக்கொண்ட பிறகுதான் தொப்பியைப் போடலாம், வாளைக் கட்டலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் மாலையில் வாள் தீட்டும் சடங்கு. ஒரு சாணைக்கல் சுற்றிக்கொண்டிருக்கும். பட்டம் பெறுபவர் வாளை அதில் வைத்துத் தீட்ட, துணையாக வந்தவர் பக்கத்தில் நின்று கல்லின்மேல் நுரைக்கும் வைனை ஊற்றுவார். கணவனோ மனைவியோ அண்ணனோ சிநேகிதியோ, யாராக இருந்தாலும் சரி. உன்னோடு வந்த உன் ஆளாக இருக்க வேண்டும்.

என் வாதம் நடந்த நாளில் எனக்கு அப்படி ஒரு ஆள் இல்லை. அப்பாவுக்கு அப்போதுதான் இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. அம்மாவால் அவரை விட்டுவிட்டு வர முடியவில்லை. மரப்பட்டைக்குள் ஏன் தண்ணீர் இறங்குவதில்லை என்பதுதான் என் ஆராய்ச்சி. அதைப் பற்றி எதிரே உட்கார்ந்திருந்த பேராசிரியர் மணிக்கணக்கில் குடைந்தார், நானும் விடாமல் பதில் சொன்னேன். அன்று மாலை, புது முனைவர்தான் எல்லோருக்கும் விருந்து வைக்க வேண்டும். விருந்தில் ஒவ்வொருவருக்காக எழுந்து நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு நன்றி சொல்கிறோமோ அவர் எழுந்து பதிலுக்கு நாலு வார்த்தை பேசுவார். நான் என் வீட்டாருக்கு நன்றி சொன்னேன். எழுந்து பேச யாரும் இல்லை. எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்தார்கள். பிறகு என் பேராசிரியர் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிச் சமாளித்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு, அறைக்குப் போய் அழுதேன். வாள் தீட்டும் மாலைக்கு என் ஆள் ஒருத்தர் இல்லாமல் போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வருடம் வேலை கிடைத்து மெல்பர்ன் வந்தேன். ஸ்பிரிங்வேலில் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரியின் வீட்டில் அறை எடுத்தேன். முதல் நாளே அன்ரி, "குசினிக்குள்ள தம்பி ஒருத்தன் நிப்பான், பயப்பிடாதேயும்" என்றார். பின்பக்கக் கராஜை அறையாக மாற்றி அதில் ஒருவர் வாடகைக்கு இருந்தார். குசினி பொது. நான் காபி போடப் போனபோது அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "நீர் இந்தியாவோ?" என்று கேட்டார்.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் 'நீர்' என்று நாடகத்தில் மகாராஜாதான் பேசுவார். அவருக்கு முகம் சுருங்கிப்போனது. அதன்பிறகு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். நானும் விடவில்லை, வேண்டுமென்றே, "நீர் உப்பு எடுத்துக்கொண்டீரா?" என்று கேட்டுக் கேட்டுச் சீண்டினேன். ஒருநாள் அவரும் சிரித்துவிட்டார். அந்த 'நீர்' இல்லாமல் யாராவது என்னைக் கூப்பிட்டால் இப்போது எனக்குக் காதில் ஏறுவதில்லை.

கோயிலில் கல்யாணம் செய்துகொண்டோம். அன்ரிதான் எங்களுக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும்.

என் கணவரும் யாழ்ப்பாணம்தான், படகில் வந்தவர். கொஞ்சக் காலம் முகாமில் அடைத்து வைத்திருந்துவிட்டு வெளியே விட்டிருந்தார்கள். ஒரு கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் பிரிட்ஜிங் விசா, முடிவு வரும்வரைக்கும் தங்க ஒரு தற்காலிக அனுமதி. வேலை செய்யலாம், வரி கட்டலாம், மழை பெய்தால் நனையலாம். நாட்டை விட்டு வெளியே போனால் மட்டும் திரும்பி உள்ளே வர முடியாது. "நீங்க ஒய்ஃப்தானே, ஸ்பான்சர் பண்ணுங்க" என்று எனக்குப் புத்தி சொல்லாத ஆள் இல்லை. கடலில் வந்தவர்களுக்கு அந்தக் கதவும் அடைப்பு என்று லோயர் முதல் நாளே சொல்லிவிட்டார். மனு நிராகரிப்பு, அப்பீல், கோர்ட் என்று அது ஒரு பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது.

கல்யாணமான சில மாதங்களில் பின்லாந்திலிருந்து சூட்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. விழாவுக்கு ஒரு வருடம் இருக்கிறது, அதற்குள் கோர்ட்டில் முடிந்துவிடும் என்று இரண்டு பேரும் நம்பினோம். உடனே தொப்பிக்கு ஆர்டர் கொடுத்தேன். தொப்பி செய்பவர் தலையின் சுற்றளவு கேட்டு எழுதியிருந்தார். அது ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அன்ரியின் தையல் டேப்பை எடுத்துவந்து, அந்த முடிக் காட்டுக்கு மேலேயே சுற்றி அளந்தார். நான் அளவைப் பார்த்து அனுப்பிவிட்டேன். இரண்டு பேருக்கும் மண்டையில் ஏறவில்லை.

தொப்பி வந்தது. போட்டேன். புருவம் வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்ரி வந்து பார்த்துவிட்டு, பழைய தமிழ்ப் பத்திரிகையை நீளநீளமாகக் கிழித்து மடித்து உள்பட்டைக்குள் செருகினார். அப்புறம் கச்சிதமாக நின்றது. தலையை ஆட்டினால் மட்டும் சரசரவென்று சத்தம் வரும்.

முன்னால் இருந்த சின்னத்தை அப்போதுதான் அவர் உற்றுப் பார்த்தார். எங்கள் துறைக்கான சின்னம் யாழ். "இஞ்ச பாரும், உம்மட தொப்பியில எங்கட ஊர் இருக்கு" என்றார். அதன்பிறகு அந்தத் தொப்பி பாதி அவருக்குச் சொந்தமானது போலத்தான் நடந்துகொண்டார்.

வாள் விஷயத்தில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் வாள் வைத்திருப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். "வாளோட ஏர்போட்டுக்குப் போனா என்னைத் திரும்பவும் உள்ளுக்கதான் வைப்பாங்கள்" என்றார். பின்லாந்திலேயே பழைய முனைவர் ஒருவரிடம் இரவல் வாங்குவதாக ஏற்பாடு.

ஆனால் தீட்டும் சடங்கை அவர் எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே! அவருக்குக் குடிப் பழக்கமே கிடையாது. "வைனை ஊத்தத்தானே வேணும், குடிக்கத் தேவையில்லையே?" என்று முதலில் உறுதி செய்துகொண்டார். ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் ஒரு சின்னச் சாணைக்கல்லை வாங்கி வந்தார். குசினி மேசையில் பழைய துணியை விரித்து, கல்லை வைத்து, என் கையில் காய் வெட்டும் கத்தியைக் கொடுத்தார். சோடா பாட்டிலைச் சாய்த்து நூல் பிடித்தது போல ஊற்றினார். "மெல்ல, மெல்ல. நீர் சண்டைக்குப் போற மாதிரி அமத்திறீர்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மேசை நனைந்தது, தரை நனைந்தது, அன்ரி கத்தினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இதுவே எங்களுக்கு வேலையாகிப்போனது. அந்த வருடம் எங்கள் வீட்டில் இருந்த அளவுக்குக் கூர்மையான கத்திகள் ஸ்பிரிங்வேலில் வேறு எந்த வீட்டிலும் இருந்திருக்காது.

ஒருநாள் டான்டினாங்கில் வாடகைக்கு உடுப்பு கொடுக்கும் கடைக்குப் போனோம். ஆண்கள் பின்னால் வால் வைத்த கறுப்புக் கோட்டு போட வேண்டும். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். முன்னும் பின்னும் திரும்பி வாலைப் பார்த்தார். பிறகு என்னைப் படம் எடுக்கச் சொல்லி ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு அனுப்பினார். "ஆருக்குக் கலியாணம்?" என்று பதில் வந்தது. அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. மனுஷன் அதில் எவ்வளவு அழகு!

கோர்ட்டில் தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. டிக்கெட் எடுக்க வேண்டிய நேரம் வந்தபோது, நான் வரவில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டேன். அவரிடம் அதற்குப் பிறகுதான் சொன்னேன். எங்களுக்குள் முதல் பெரிய சண்டை அதுதான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டனீரோ?"

"கேட்டா போன்னு சொல்வீங்க."

"ஓம், சொல்லுவன். படிச்சது நீர்."

"போனா ரெண்டு பேரும் போவோம். இல்லன்னா வேணாம். ஒருதடவை ஆள் இல்லாம நின்னது போதும்."

அவர் கராஜுக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டார். தொப்பி பெட்டிக்குள் போய், பெட்டி அலுமாரிக்கு மேலே போனது.

அதை அடுத்து வெளியே எடுத்தது சரஸ்வதி பூசை அன்று. நான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், சாமித் தட்டுக்கு முன்னால் என் புத்தகங்கள், லேப்டாப், அவருடைய ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ், நடுவில் என் தொப்பி. யாழ்ச் சின்னத்துக்குக் கீழே தாராளமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். எனக்கு வந்த ஆத்திரத்தில், "அது துணி! கறை போகாது! யார் உங்களைத் தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

"படிச்சதுக்குக் கிடைச்ச சாமான். புத்தகத்தோட வைக்காம வேற எங்க வைக்கிறது?" என்றார்.

அவர் சொன்னது சரி என்பதில் இன்னும் கோபம். உடனே துடைக்கலாம் என்று போனால் அன்ரி குறுக்கே நின்றார். பூசையில் வைத்ததை அடுத்த நாள் காலை வரை தொடக்கூடாது. காலையில் எடுத்தபோது கறை நன்றாக ஊறியிருந்தது.

நான் வேலை செய்யும் இடத்திலும் பட்டமளிப்பு விழா நடக்கும். ஆசிரியர்கள் அவரவர் படித்த பல்கலைக்கழகத்து அங்கியிலும் தொப்பியிலும் வரிசையாக நடப்பார்கள். "உன் தொப்பியைப் போட்டு வாயேன், நல்லா இருக்கும்" என்று கூட வேலை செய்பவர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்டார்கள். சூட்டாத தொப்பியைப் போட மாட்டேன் என்று கடன் வாங்கிய அங்கியில் வெறுந்தலையோடு நடந்தேன். வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

வருடங்கள் போயின. எனக்குக் குடியுரிமை வந்தது. அவருக்குப் பிரிட்ஜிங் விசா புதுப்பித்து வந்தது, மறுபடியும் புதுப்பித்து வந்தது. அடுத்த சூட்டு விழாவுக்கு அழைப்பு வந்தபோது நான் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இதுவும் போகட்டும், அடுத்ததுக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு என்னைப் பார்த்தார். "மூண்டாவதும் வரும், நாலாவதும் வரும். நான் இஞ்சதான் இருப்பன். நீர் எனக்காக நிண்டா, என்னை மறிச்சு வச்சிருக்கிறவங்கள் உம்மையும் சேத்து மறிச்ச மாதிரி. அதை எனக்குத் தாங்க ஏலாது. போயிட்டு வாரும்."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டிக்கெட் எடுத்தேன். ஏர்போர்ட்டுக்கு அவர்தான் காரோட்டி வந்தார். பயணிகள் மட்டும் போகும் கதவு வரைக்கும் தொப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்த நாட்டுக்கு நான் பிளேனில வரவும் இல்லை, பிளேனில போகவும் ஏலாது. பாரும், எனக்கும் ஏர்போட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று சிரித்துவிட்டுப் பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே போன பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பி வந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்த அன்று அவர் லீவு போட்டிருந்தார். சோறும் நண்டுக் குழம்பும் வைத்திருந்தார். ஸ்பிரிங்வேல் குசினியில், கதிரையில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு, நான் கதை கதையாகச் சொன்னேன். இப்போது நாங்கள் கிரெய்கிபர்னில் இருக்கிறோம். வீடு புதிது, குசினி பெரிது. ஆனால் அந்தப் பழைய குசினியின் ஒடுக்கமும், பேசிக்கொண்டே பாத்திரம் கழுவும் அவருடைய முதுகும்தான் என் நினைவில் வீடு என்று இருக்கிறது.

விழாவுக்குக் கறுப்புதான் முறை என்பதால், அம்மா போனில் எவ்வளவோ தடுத்தும் கறுப்புப் பட்டுப்புடவை கட்டியதைச் சொன்னேன். மேடையில் தொப்பியை என் தலையில் வைத்தபோது உள்ளே பத்திரிகைக் காகிதம் சரசரத்ததையும், வைத்த பேராசிரியர் ஒரு நொடி திகைத்ததையும் சொன்னேன். அதைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வரிசையை ஒழுங்கு செய்த பெண்மணி சந்தனக் கறையைப் பார்த்துவிட்டு பிரஷ் எடுத்து வந்ததையும், வேண்டாம், அது இருக்கட்டும் என்று நான் சொன்னதையும் சொன்னேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை.

மேடையில் எங்களுக்கு முன்னால் சில கிழவர்களும் ஒரு கிழவியும் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஐம்பது வருடங்களுக்கு முன்னால் இதே போலப் பட்டம் சூட்டிக்கொண்டவர்கள். அங்கே அப்படி ஒரு வழக்கம். ஐம்பது வருடம் உயிரோடு இருந்து திரும்பி வந்தால், இரண்டாம் முறை சூட்டுவார்கள். அந்தக் கிழவிக்கு எழுந்து நிற்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டுகளைக் கழுவ எழுந்துபோனார். குழாயைத் திறந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டார்.

"ஆர் ஊத்தினது?"

தனியாக வந்தவர்களுக்கு என்று ஒரு மாணவியை ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல பெண். பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் சிரித்தபடி வந்து நின்றாள்.

"யாரும் ஊத்தல. வேண்டாம்னு சொல்லிட்டேன். வெறுங்கல்லுல தீட்டினேன்."

அவர் திரும்பினார்.

"கீச்சுனு ஒரு சத்தம். பல்லு கூசுற மாதிரி. சுத்தி நின்ன அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு பாட்டிலோட முழிச்சுக்கிட்டு நின்னா. எனக்கு வெக்கமே இல்ல. இங்க ஒருத்தர் நிக்க வேண்டியது, அவரை விடலன்னு எல்லாருக்கும் கேக்கட்டும்னு இன்னும் அழுத்தித் தீட்டினேன்."

அவர் குழாயை மூடினார். ஈரக் கையோடு வந்து எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

"அந்தக் கிழவிக்கு அம்பது வருஷம் கழிச்சுத் திரும்பவும் குடுத்தவை எண்டு சொன்னனீர், என்ன?"

"ஆமா."

"அப்ப உமக்கும் குடுப்பினமோ?"

"உயிரோட இருந்தா குடுப்பாங்க."

"அப்பவும் வாள் தீட்டோணுமோ?"

"தெரியல. இல்லன்னு சொன்னா சண்டை போட்டுத் தீட்ட வைப்பேன்."

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "எனக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும்."

"கை நடுங்கும். வைனைப் புடவையில ஊத்திடுவீங்க."

"நடுங்கினா நடுங்கட்டும். நான் வாறன்" என்றார். "காத்துக்கொண்டிருக்கிறதில எனக்கு நல்ல பழக்கம்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான்தான் அந்தக் குசினியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.